உதவிக்கு எதற்குச் சம்பளம்?

கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையில் சமூகப்பணி என்ற பேச்சு வந்தால் கூடவே ஒரு கேள்வியும் வரும்: ஏழைக்கு உதவுவதற்கு எதற்குச் சம்பளம்? நோன்பு மாதத்தில் ஸகாத், பெருநாளைக்குப் பித்ரா, பள்ளிவாசல்களில் பைத்துல்மால், கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பும் ஸதகா என்று இத்தனையும் புழங்குகிற ஊரில், பட்டம் படித்துவிட்டு வருகிற ஒருவர் கூடுதலாக என்ன செய்துவிடப் போகிறார்? கேள்வியில் எகத்தாளம் இருக்கிறது. அதற்காகத் தட்டிக்கழித்துவிட முடியாது.

சம்பளம் மார்க்கத்துக்குப் புறம்பானதல்ல. ஸகாத் பெறத் தகுதியானவர்கள் என்று குர்ஆன் எண்ணிச் சொல்லும் எட்டு வகையினரில், அதை வசூலித்துப் பங்கிட உழைப்பவர்களும் ஒரு வகையினர். உழைப்புக்குப் பங்கு வாங்குகிறவரிடம் கணக்குக் கேட்கலாம். தரும சிந்தனையோடு அள்ளிக் கொடுப்பவரிடம் கேட்பது எப்படி?

இன்றைக்குக் கொடுக்கும் முறையைப் பாருங்கள். பின்னால் பதாகை, நடுவில் அரிசிப் பொதி, இரண்டு பக்கமும் பிரமுகர்கள். முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு கைம்பெண் பொதியின் ஒரு நுனியைப் பிடித்திருப்பாள். மக்ரிபுக்குள் படம் முகநூலில் ஏறிவிடும். மறைத்துக் கொடுப்பதே மேல் என்று தெரியாத ஊரா இது? அரிசியோடு சேர்த்து அவள் ஒரு கடனையும் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். தேர்தலிலோ குடும்ப வழக்கிலோ அந்தப் பிரமுகர் ஒரு சொல் சொன்னால் மறுத்துப் பேச நா எழாது. சம்பளக்காரரிடம் இந்தக் கடன் கிடையாது. தாமதித்தால் ஏனென்று கேட்கலாம், பிழை விட்டால் மேலிடத்துக்கு எழுதலாம். வாங்குகிறவரை நன்றிக்கடனிலிருந்து விடுவிக்கிறது என்பதே இந்தத் தொழிலுக்கு நான் காணும் முதல் நியாயம்.

ஆனால் சம்பளம் எழுதுவினைஞருக்கும் உண்டு. அவரிலிருந்து சமூகப்பணியாளரைப் பிரிப்பது எது? கொழும்பில் 1952இல் சமூகப்பணிக் கல்வி தொடங்கியது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கற்பித்த நிறுவனத்தைத் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக்கியது. சமூக மாற்றம், மனிதரை வலுவூட்டுதல், விடுதலை என்றெல்லாம் இத்தொழிலுக்கு 2014இல் மெல்பேர்னில் உலகளாவிய வரைவிலக்கணமும் எழுதினார்கள். சொற்கள் பெரியவை. அவற்றுக்கு இந்தக் கரையில் என்ன பொருள் என்பதை 2004 டிசம்பர் 26க்குப் பின்னான நாட்களில் பார்க்கலாம்.

இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வளவுகள் துடைத்தெடுத்தாற்போல் ஆயின. இக்கரையில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குரியது. பெற்றோர் மகளுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கு வந்து குடியேறுவார். முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் வழக்கம் ஒன்றுதான். நிவாரண வீட்டுக்கான படிவமோ ‘குடும்பத் தலைவர்’ யாரென்று கேட்டது. எழுதுகிறவர் ஆணின் பெயரை எழுதினார். இப்படிப் பல குடும்பங்களில் அழிந்தது அவளுடைய வீடு, எழும்பியது அவனுடைய வீடு. யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. சுற்றறிக்கைப்படி எல்லாம் சரி. ‘கடல் கொண்டுபோன வீடு யாருடைய பேரில் இருந்தது?’ என்று ஒரு கேள்வியை அந்த இடத்தில் கூடுதலாகக் கேட்பவரே சமூகப்பணியாளர். கேட்டுவிட்டு, படிவம் பிழை என்று தமக்குச் சம்பளம் தருகிற அலுவலகத்துக்கே எழுதவும் வேண்டும். கஷ்டமான பகுதி அதுதான்.

வழக்கத்தைக் கட்டிக்காப்பதும் அவர் வேலையல்ல. மகளுக்கு வீடு கட்ட வேண்டுமென்றே தாய்மார் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போகிறார்கள். சுவர் எழும்பாத வீட்டுக்காகக் குமருகள் காத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பாக இருந்த வீடு இன்னொருத்திக்குச் சுமையாகிறது. எதுவென்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.

தொழிலுக்கு எட்டாத இடங்களும் உண்டு. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமியில் வீடிழந்தோருக்காகச் சவூதி நிதியில் எழுந்த 500 வீடுகள், எந்த இனத்துக்கு எத்தனை என்ற பிணக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய், ஆண்டுக்கணக்கில் காடு பற்றிக் கிடந்தன. வீடு எப்போது கிடைக்குமென்று கேட்பவரிடம் பொய் நம்பிக்கை கொடுக்காமலிருப்பதே அங்கே பணியாளரின் நேர்மை.

அடிபட்ட பெண்ணின் விஷயத்தில் அறம் இன்னும் சிக்கலாகிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவள் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். “மகள், பொலிசுக்கெல்லாம் போகத் தேவல்ல, பேசி முடிப்பம்” என்பார் பள்ளிவாசல் மரைக்கார். அதை எடுத்த எடுப்பில் பழிக்க முடியாது. வழக்கென்று போனால் கூடப்பிறந்தவர்களின் ஆதரவும் அறுந்துபோகலாம். முடிவு அவளுடையது, பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லாதவரை. ஆனால் பேசி முடிக்கிற இடத்தில் அவளும் உட்கார்ந்து பேச வேண்டும். அவளில்லாமல் முடித்தால் அது ஆண்கள் தங்களுக்குள் செய்துகொண்ட சமாதானம்.

பணியாளரும் அதே ஊர், மரைக்கார் அவருக்கு மாமா முறை என்றால்? வெளியூரார் வந்தால் இரகசியம் தங்கும், ஊர் புரியாது. உள்ளூராருக்கு ஊர் புரியும், சொந்தம் வாயைக் கிளறும். உள்ளூராரையே நான் தேர்வேன், வாயடக்கம் உள்ளவரென்றால். அவருக்கு அலுவலகம் கதவுள்ள ஓர் அறையாவது கொடுக்க வேண்டும். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வரிசையில் நிற்பவர்களின் காதுபட மேசைக்கு முன்னால் நின்று எந்தப் பெண்ணும் தன் வீட்டு அடிதடியைச் சொல்லமாட்டாள்.