வடிய வேண்டிய தண்ணீர்

தண்ணீரில் நிற்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். மொட்டைமாடியில் ஒரு சிமெண்ட் தொட்டி, நடுவே அல்லி, ஓரத்தில் வசம்பு, குடைக்கோரை, கல்வாழை, நீர்ப்பிரம்மி. சென்னையில் இந்த ஆசை பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அல்லிக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்று நர்சரியில் எல்லோரும் கேட்கிறார்கள். ஓரத்துச் செடிகளைப் பற்றி அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. தொட்டி நிறைந்திருந்தால் அவற்றுக்கும் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அடிக்கிழங்குக்கு மேலே இரண்டு மூன்று விரற்கடை தண்ணீர் நின்றால் இவை நன்றாக வளரும். சில வகைகள் அரைச் சாண் வரை தாங்கும். சோதனை மே மாதத்தில்தான். அக்கினி நட்சத்திர வெயிலில் திறந்த தொட்டியிலிருந்து நாளுக்கு 6, 7 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிவிடும். அகன்ற இலைகொண்ட கல்வாழையும் சேம்பும் தம் பங்குக்கு அதற்கு மேலும் இழுக்கும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரையே ஊற்றி ஈடுகட்டுகிறவர், உள்சுவரில் வெள்ளைப் படிவு ஏறுவதைப் பார்த்திருப்பார். பிறகு இலை நுனி கருகும். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று அவர் அதே தண்ணீரை இன்னும் இரண்டு வாளி ஊற்றுவார். சேமித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

பழைய வசம்புத் தூரைப் பிரித்து நடுவதற்காகச் சேற்றிலிருந்து பெயர்க்கும்போது முதலில் மூக்கில் ஏறுவது அழுகிய முட்டை நாற்றம். சேறு கரியாகக் கறுத்திருக்கும். காற்று எட்டாத இடம் அது. காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் தண்ணீரில் பரவும். ஆனால் அந்தக் கறுப்புக்குள் ஓடும் வேர்களை உற்றுப் பார்த்தால் அவற்றைச் சுற்றி மெல்லிய துருநிறப் பூச்சு தெரியும். இலையில் நுழைந்த காற்று உள்ளிருக்கும் துளைகள் வழியே இறங்கி, வேரிலிருந்து கசிந்து, சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்கியிருக்கிறது. சேப்பங்கிழங்குச் செடியின் காம்பைக் குறுக்கே நறுக்கினால் அந்தத் துளைகள் கண்ணுக்கே தெரியும். மூழ்கிய வேருக்கு மேலிருந்து மூச்சை இறக்கிக் கொடுக்கும் ஏற்பாடு. இதைப் பார்த்தவருக்கு, ஆண்டு முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கத்தான் இந்தச் செடிகள் பிறந்திருக்கின்றன என்று தோன்றினால் அதில் வியப்பில்லை.

வளர்ந்த செடிக்கு அது சரி. விதையின் கதை வேறு.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துச் சதுப்பு ஏரிகளின் சேற்றை எடுத்து, அதில் உறங்கும் விதைகளை முளைக்கவைத்துப் பார்த்தார்கள் வான் டெர் வால்க், டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள். 1978இல் வந்தது அவர்களுடைய கட்டுரை. கரையோரச் செடிகள் பலவற்றின் விதைகள் சேற்றுக்குள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் தண்ணீர் வடிந்து சேறு வெளிப்பட்டாலோ, மிக ஆழம் குறைந்தாலோதான் அவை முளைக்கின்றன. வெளிச்சமும் காற்றும் பகலிரவு வெப்ப ஏற்ற இறக்கமும் அப்போதுதான் விதையை எட்டும். வறட்சி வராமல் ஆண்டுக்கணக்கில் தண்ணீர் உயர்ந்தே நின்றால், முதிர்ந்த செடிகள் ஒவ்வொன்றாக மடிய, அவற்றின் இடத்தில் வெறும் நீர்ப்பரப்பு மிஞ்சும். நீர்மட்டம் அசையாமல் இருந்தால் வேறொரு சங்கடம்: சம்பு மாதிரி ஒரே முரட்டுச் செடி ஓரம் முழுவதையும் வளைத்துக்கொள்ளும்.

இதற்கு ஐயோவாவரை போக வேண்டியதுகூட இல்லை. வேதாந்தாங்கல் ஏரியில் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். கோடையில் அதே மரங்கள் தரையில் நிற்கும். நம் ஏரிகளின் அமைப்பே அப்படி. ஒரு பக்கம் உயர்ந்த கரை, மறுபக்கம் மெல்ல மெல்லச் சரிந்து ஏறும் உள்வாய். தண்ணீர் வடிய வடிய உள்வாயில் ஈரச்சேறு பட்டை பட்டையாக வெளிப்படும், ஒவ்வொரு பட்டையிலும் அதனதன் வாரத்தில் கோரையும் புல்லும் முளைக்கும். வெள்ளரி போடுகிறவர்களும் அந்தக் கணக்கை அறிந்தே விதைக்கிறார்கள். கரையோரம் என்று நாம் ஓர் இடத்தைச் சொல்கிறோம். தண்ணீர் வந்து போவதுதான் அந்த இடத்தையே உண்டாக்குகிறது. வருவது பாதி வேலை, போவது மீதி.

தொட்டிக்காரருக்கு இதை ஏற்பதுதான் கடினம். விளிம்புவரை தளும்பும் தொட்டி கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. ஊற்றுகிற கைக்கும் ஏதோ செய்த திருப்தி. நாம் கவனிப்பு என்று சொல்வதில் பெரும்பகுதி நம்முடைய பதற்றம் என்பது என் எண்ணம். குறையவிட்டால் கைவிட்டதாகிவிடுமோ என்ற பயத்தில் நிரப்பிக்கொண்டே இருக்கிறோம். எது வாழ வேண்டுமோ அதற்கு நாம் விலகியிருக்கும் காலமும் தேவைப்படுகிறது. கொடுத்ததைப் போலவே கொடுக்காமல் இருந்ததும் அதற்குள் வேலை செய்கிறது.

அதற்காகத் தொட்டியையே வற்றவிட வேண்டியதில்லை. அல்லியும் கப்பி மீனும் என்ன செய்யும்? கோடையில் இரண்டு மூன்று வாரம் ஓரத்துச் சட்டிகளை மட்டும் செங்கல் வைத்து உயர்த்தி, அடிப்பக்கம் தண்ணீரைத் தொட, மேல்சேறு ஈரமாக வெளியே தெரியும்படி வைத்தால் போதும். நாம் நடாத கோரை முளைகள் அப்போது தலைகாட்டலாம். இன்னொன்றும் உண்டு. நீர்மட்டம் ஏறி இறங்குவதை நம்பிப் பிழைப்பவை செடிகள் மட்டுமல்ல. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டை வைக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தாங்கும் அந்த முட்டைகள், தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரியும். ஆகவே குறைந்த தொட்டியை மறுபடி நிரப்புமுன் சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துவிட வேண்டும்.

தொட்டியில் செய்யும் பிழையை நாம் ஏரியிலும் செய்கிறோம், அதுவும் பெரிய செலவில். சீரமைப்பு என்ற பெயரில் நான்கு புறமும் செங்குத்தாகக் கல் பதித்து, மேலே நடைபாதையும் விளக்கும் போட்டுவிடுகிறார்கள். அங்கே தண்ணீர் வடிந்தால் வெளிப்படுவது சேறல்ல, சுவர். கோரைக்கு இடமில்லை, அதற்குள் ஒளிந்து கூடுகட்டும் நீர்க்கோழிக்கும் இடமில்லை. கோடையில் காய்ந்து கிடக்கும் உள்வாயோ சும்மா கிடக்கும் மனையாகத் தெரிகிறது. உங்கள் பகுதி ஏரிக்கு இப்படியொரு திட்டம் வந்தால், ஒரு பக்கத்தையாவது கல் பதிக்காமல் மண்சரிவாகவே விடும்படி கேளுங்கள். மனு எழுத ஒரு தாள் போதும்.