சென்று காண்டலும் இருந்து வேண்டலும்

பெற்றோர் பிள்ளைகள்பால் வைக்கும் விருப்பம் அன்பென்று கொள்ளத்தக்கதோ, பாசமென்று தள்ளத்தக்கதோ என்னும் வினா சைவநூல் பயில்வார்க்குப் புதியதன்று. உலக வழக்கிற் பாசம் என்னுஞ் சொல் பிள்ளைமேல் வைத்த பற்றிற்கு வழங்குகின்றது. சித்தாந்த நூல்களில் அச்சொல்லே உயிரைக் கட்டுங் கயிற்றிற்குப் பெயராய் நிற்கின்றது. ஒரு சொல் இவ்வாறு இருவழியும் நிற்றலின் உண்மையை ஓர் எடுத்துக்காட்டில் வைத்து ஆராய்வாம்.

சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூர்க்கும் பல்லாவரத்திற்கும் இடைப்பட்டது பம்மல் என்னும் ஊர். 2021-ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கியது. அவ்வூரில் ஓர் அம்மையார் உளர் என்று கொள்க. அவர் கணவரை இழந்தவர். இருந்த மனையை ஈடுவைத்துத் தம் ஒரே மகனை ஸ்பெயின் தேசத்திற்குக் கல்வியின்பொருட்டு அனுப்பினவர். மகன் பயில்வது சலமன்கா நகரத்துப் பல்கலைக்கழகம். 1218-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அக்கழகம் மெய்கண்டதேவர் வாழ்ந்த நூற்றாண்டிலேயே தோன்றிய பழமையுடையது. அம்மையார் மாலையில் விளக்கேற்றும்போது அங்கே நண்பகல் சிறிது கடந்த பொழுது. அவ்வேளையில் மகன் கைப்பேசியில் முகங்காட்டுவான். ஈராண்டு கழிந்தபின் ஒருநாள், அவன் நெற்றியில் திருநீறு இல்லாமையை அம்மையார் கண்டார். அவன் பேச்சும் வரவரச் சுருங்கிற்று. மீனம்பாக்கத்தில் ஏறியிறங்கும் வானவூர்திகளை வாயிலில் நின்று நோக்கும் அவர், "நேரிற் சென்று காண்பேன், வேண்டுமாயின் அழைத்தும் வருவேன்" என்று துணிகின்றார். மகனோ வருக என்று அழைத்திலன். அவர் செல்லுதல் முறையோ?

நாள்தோறும் முகங்காண்பவர் நேரிற் செல்வது எற்றுக்கு எனின், கூறுதும். இறைவன் எங்கும் நிறைந்தவன் என்று ஐயமற உணர்ந்த அடியார்களே தில்லைக்கும் ஆரூர்க்கும் கால்நோவ நடந்தனர். அணுகி நிற்றலால் விளையும் பயன் வேறொன்றால் விளைவதன்று. ஆதலின், காணவிழைதல் குற்றமாகாது. எதன்பொருட்டு விழைகின்றார் என்பதே ஆராயற்பாலது.

செல்லுதற்குச் சான்று சிராப்பள்ளியில் உளது. கருவுயிர்க்கும் வேளையில் மகள் தாயை எதிர்நோக்கியிருந்தாள். வருந்தாயைக் காவிரி வெள்ளந் தடுத்தது. இறைவன் அத்தாயின் வடிவங்கொண்டு சென்று மகப்பேறு பார்த்தருளினான். வெள்ளம் வடிந்து மெய்த்தாய் வந்தபோது மறைந்தருளினான். தாயுமானவர் என்னுந் திருப்பெயர் இதனாற் போந்தது. ஈண்டு உற்றுநோக்கத்தக்கன இரண்டு. அவன் சென்றது மகளது இடர்நோக்கி. தன் விருப்பம் நோக்கியன்று. இடர் தீருங்காறும் நின்றான், தீர்ந்தபின் நின்றிலன்.

செல்லாமைக்குச் சான்று திலகவதியார். தந்தையும் தாயும் இறந்து, மணம்பேசப்பெற்ற கலிப்பகையாரும் போரில் மாண்டபின், உயிர்விடத் துணிந்த அம்மையார் தம்பியின்பொருட்டே உயிர்தாங்கினார். ஆதலின் அவர் தமக்கையேயாயினும் தாயே ஆவர். அத்தம்பி பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியிற் புகுந்து தருமசேனர் என உயர்ந்திருந்தார். அதிகையினின்று அவ்வூர் ஒருநாள் நடைத்தொலைவே. எனினும் அம்மையார் சென்று பற்றியிழுத்திலர். திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டு மெழுகி, மாலைதொடுத்துச் சாத்தி, இறைவனிடமே முறையிட்டிருந்தார். சூலைநோய் பற்றியபின் தம்பியார் ஆள்விடுத்து அழைத்தபோதும் அப்பள்ளிக்கு வர இசைந்திலர்.

இது வன்கண்மையன்றோ எனின், அன்று. அந்நோய் இறைவன் ஆட்கொள்ள விடுத்த அருள். அம்மையார் ஆண்டுச் சென்று ஆற்றுவித்திருப்பின், தம்பியார் ஆண்டே தங்கியிருத்தலுங் கூடும். செல்லாமையே அவரை எழுந்து வரச்செய்தது. இரவில் வந்து அடிவீழ்ந்தவரை அம்மையார் நெடிது கடிந்திலர். எழுகவென்று திருநீறு அளித்தார். நாவுக்கரசரை உலகு பெற்றது அவ்வாற்றால் என்க.

ஒருவர் சென்றதும் ஒருவர் செல்லாததும் தம்முள் மாறுபடுவன போலும். மாறுபடா. இரண்டிடத்தும் நோக்கப்பட்டது எதிரிருந்த உயிரின் நலமே, நோக்குவாரது மனநிறைவன்று. உயிர் அநாதி என்பது சித்தாந்தத் துணிபு. பெற்றோர் கொடுப்பது உடம்பு. உயிரைப் படைத்தவர் ஒருவருமிலர். அவ்வுயிர் இறைவனுக்கு உடைமையாகலின், "என் மகன்" என்னும்போது என் என்பது மிகுமாயின் அது செருக்கின்பாற்படும். மகன் என்பது மிகுமாயின் அன்பின்பாற்படும்.

அற்றேல், வேடர்பால் வளர்ந்த தன் மகனை மன்னவன் சென்று மீட்டான் என்று சித்தியார் உவமை கூறுமாலெனின், ஆண்டு வேடர் எனப்பட்டார் ஐம்புலன்கள். ஓர் அயல்நாட்டுக் கல்விச்சாலையன்று. அவ்வேடர் சலமன்காவிலும் உளர்; பம்மலிலும் உளர். மகனைப் பம்மலுக்கு மீட்டதனால் மட்டும் அவரினின்று மீட்டதாகாது.

இனி, அம்மையார் கண்ட குறிகள் இரண்டனையும் பிரித்தறிக. வெறுநெற்றி அம்மையாருக்கு வருத்தந் தந்தது. சுருங்கிய பேச்சோ மகனது வருத்தத்திற்குக் குறியாதல் கூடும். முதலாவதன்பொருட்டுச் செல்வாராயின், அவர் தாமும் கட்டுண்டு மகனையுங் கட்டுவர். அதனைப் பம்மலில் எழுந்தருளியுள்ள அர்க்கீசுவரர் திருமுன்னர் வைத்து, திலகவதியார்போல் இருந்து வேண்டுதலே தக்கது. இரண்டாவதன்பொருட்டாயின் அழைப்பை எதிர்பாராது செல்லல் வேண்டும். இடருற்றோர் பலர் இடரினாலேயே வாய்திறவார். மகள் ஆளனுப்பியோ தாயுமானவர் சென்றார்? ஆயினும் முன்னர், "உனக்கு என்ன குறை?" என்று ஒருகால் அன்பொடு வினவி, விடையைப் பொறுமையொடு கேட்டல் கடன்.

சென்றபின் செய்வது யாது? அத்தேசம் காணவருவார்க்கு நூற்றெண்பது நாளில் தொண்ணூறு நாளே தங்க இடந்தரும், அத்துணையும் வேண்டா. சமைத்திடுக; உடன் நடக்க; அவன் சொல்வனவற்றைக் கேட்க. நெற்றியை நோக்கி வினாவற்க. கொண்டுசென்ற திருநீற்றுப் பையை அவன் கையெட்டும் இடத்தே வைத்து, வெள்ளம் வடிந்தவாறறிந்து மீள்க. தானே எடுத்தணியும் நாள் வருமாயின், அந்நாளே அத்தாய் மகனைக் கண்ட நாளாம்.