வெறும் தூக்கு

மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். நடந்தது அவ்வளவுதான். மூன்று வாரமாக அந்த ஒரு காட்சி என்னை விடமாட்டேன் என்கிறது.

அம்மா போன பிறகு பரணை ஒழித்தபோது கிடைத்த எவர்சில்வர் தூக்கு அது. ஒன்றரைப் படி பிடிக்கும். கழுத்தில் 'மு.ஹ.' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. நாகூரில் எங்கள் எதிர்வீட்டு லாத்தாவுடையது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 1991-இல் அப்பாவுக்கு மாற்றலாகி அவசரமாகத் திருச்சிக்குக் கிளம்பினோம். சாமான்களோடு அதுவும் வந்துவிட்டிருக்கிறது. தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். லாத்தா மௌத்தாகி ஆறு வருஷமாம். கதவைத் திறந்தவள் பேத்தி. விஷயத்தைச் சொல்லித் தூக்கைக் கொடுத்தேன், கூடவே திருச்சியில் வாங்கிய ஒரு கிலோ இனிப்பையும். இனிப்புப் பெட்டியைப் பிரிக்காமல் ஜன்னல் திட்டில் வைத்தாள். வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவினாள். பிறகு மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மறுபடி அழுத்தி மூடிவிட்டு, "உள்ளே வாங்கக்கா, டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள்.

தூக்குக்குள் ஒன்றுமில்லை. நான் தேய்த்த தேய்ப்பில் அடி பளபளத்தது.

நோன்பு மாதத்துச் சாயங்காலங்களில் அந்தத் தூக்கில்தான் எங்களுக்குக் கஞ்சி வரும். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால். மூடியைத் திறந்தால் புதினா வாசமும் பட்டை வாசமும் கலந்து கூடம் முழுக்கப் பரவும். மேலே இரண்டு வாடா. அம்மா கறி சாப்பிடாத வெள்ளிக்கிழமைகளில், கொத்துக்கறி போடுவதற்கு முன்பே எங்கள் பங்கை லாத்தா தனியாக எடுத்துவைத்துவிடுவார். இதை அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. லாத்தாவும் சொல்லிக்காட்டியதில்லை. வெறும் கஞ்சியாக வந்து சேரும், அவ்வளவுதான்.

தூக்கைக் கழுவித் திருப்பிக் கொண்டுபோவது என் வேலை. வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். பலகாரம் செய்திருந்தால் பலகாரம். இல்லாவிட்டால் கொல்லை முருங்கையில் ஒரு கொத்து, இரண்டு எலுமிச்சை. அதுவும் இல்லாத மாதக் கடைசியில் ஒரு கை சீனி. ஒருமுறை அந்தச் சீனியை வழியிலேயே தின்றுவிட்டேன். லாத்தா மூடியைத் திறந்து, அடியில் ஒட்டியிருந்த நாலு பருக்கையை விரலால் ஒற்றி வாயில் வைத்துக்கொண்டார். "இனிப்பா இருக்குன்னு உங்க அம்மாக்கிட்ட சொல்லு" என்றார்.

லாத்தாவும் மூடியைத் திறந்து பார்த்துத்தான் வாங்குவார். இது நினைவுக்கு வந்தது திருச்சிக்குத் திரும்பும் பஸ்ஸில்.

வாங்கியதைத் திருப்புவது அந்த ஊரின் காற்றிலேயே இருந்தது. நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். வேண்டுதல் பலித்ததற்கு மன்னர் செலுத்திய நன்றி என்று ஊரில் சொல்வார்கள். கை, கால், கண் உருவம் பொறித்த வெள்ளித் தகடுகளை வாங்கிக் காணிக்கை போட வருகிறவர்களில் எங்களைப் போன்ற இந்துக் குடும்பங்கள் நிறைய. கால் வலி தீர்ந்தால் கால். கண் திறந்தால் கண். எவ்வளவு நேரான கணக்கு என்று சின்ன வயதில் தோன்றும். அம்மாவின் சீனியில் அந்த நேர் இல்லையே, ஒன்றரைப் படி கஞ்சிக்கு ஒரு கை சீனி எப்படி ஈடாகும் என்றும் தோன்றும்.

கல்லூரியில் படித்த ஒரு சொல் இப்போது அடிக்கடி வருகிறது: குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்புவது. இல்லாதவர்க்குக் கொடுப்பது ஒன்றே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மை உடையது என்கிறார் வள்ளுவர். அன்று அதைப் படித்தபோது அம்மாவும் லாத்தாவும் செய்ததை யாரோ தராசில் வைத்துக் குறைத்துவிட்டதுபோல் இருந்தது. பிறகு புறநானூற்றில், 163-ஆம் பாட்டு என்று நினைவு, அதே சொல்லை மறுபடி பார்த்தேன். வள்ளல் குமணனிடம் பெற்ற செல்வத்தோடு வீடு திரும்பிய புலவர் பெருஞ்சித்திரனார், யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்கிறார். குடும்பம் பசித்துக் கிடந்தபோது குறியெதிர்ப்பை தந்தவர்களும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். அங்கே அந்தச் சொல் சிறுத்துத் தெரியவில்லை. உலை கொதிக்க அரிசி இல்லாத வீட்டுக்கு ஓர் ஆழாக்கு அளந்து கொடுத்த கை தெரிந்தது. வள்ளுவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனாலும் எதிரெதிர் வீட்டில் இருக்கிறவர்களுக்கு இந்த ஆழாக்குக் கணக்குதான் உறவு என்று நினைக்கிறேன். முழுக்கத் தீர்த்துவிட்டால் மறுபடி கதவைத் தட்டக் காரணம் வேண்டியிருக்கும்.

அப்படிச் சொல்லும்போதே இன்னொன்று குறுக்கே வருகிறது. 2004 டிசம்பர் 26-இல் கடல் ஊருக்குள் வந்தபோது, இறந்தவர்களை அடக்கம் செய்யத் தர்கா தன் நிலத்தைக் கொடுத்தது. யார் எந்த மதம் என்று பார்க்கவில்லை. அதை எந்தத் தூக்கில், எதைப் போட்டுத் திருப்புவது? அங்கே என் ஆழாக்குக் கணக்கு நிற்கவில்லை.

அம்மா அந்தத் தூக்கை ஒருநாளும் புழங்கியதில்லை. யாருக்கும் கொடுக்கவும் இல்லை. துணியில் சுற்றிப் பரணில் வைத்திருந்தார். திருச்சியிலிருந்து நாகூர் ஒரு பகல் பயணம். முப்பது வருஷத்தில் ஒருமுறைகூடக் கொண்டுபோகத் தோன்றவில்லையா, அல்லது அதில் என்ன போட்டுக் கொடுப்பது என்று நினைத்தே தள்ளிப்போட்டாரா? கேட்க அம்மா இல்லை. நானோ இனிப்பைத் தனிப்பெட்டியில் கொடுத்து, தூக்கை வெறுமையாகக் கொடுத்தேன். வீட்டில் சீனி இருந்தது. ஒரு கை அள்ளிப் போட எவ்வளவு நேரமாகியிருக்கும்?

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கலாம். பாட்டி மூடி திறந்து பார்த்ததை அவள் பார்த்து வளர்ந்திருப்பாளா, அல்லது கையில் பாத்திரம் வந்தால் எல்லாரும் செய்கிற காரியமா அது, எனக்குத் தெரியவில்லை. முகத்தில் ஏமாற்றம் இருந்ததா என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒருநாள் இருந்தது என்று படுகிறது, மறுநாள் இல்லை என்று. தர்காவின் கந்தூரி விழாவுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். போனால் எதைக் கொண்டுபோவது, அதை எதில் போட்டுக் கொண்டுபோவது என்று இன்னும் முடிவுசெய்யவில்லை. தூக்கு இப்போது அவர்கள் வீட்டில் இருக்கிறது.