மூஸா நபியின் வேதபாஷையில் ஆண்டவனின் திருநாமங்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலித்து வரும் வல்ல நாயனுக்கே எல்லாப் புகழும். அவனுடைய திருத்தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுக்கு முன் வந்த நபிமார்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

அன்புச் சகோதரர்களே! அல்லாஹுத்தஆலாவின் அழகிய திருநாமங்களை நாம் சிறு பிராயத்திலேயே மதரஸாவில் ஓதியிருக்கிறோம். மூஸா (அலை) அவர்களுக்குத் தௌராத்தையும், தாவூது (அலை) அவர்களுக்கு ஸபூரையும் அருளியவன் அதே நாயன்தான். வேதம் கொடுக்கப்பட்டவர்களின் நாயனும் நம்முடைய நாயனும் ஒருவனே என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லும்படி அன்கபூத் சூரா நமக்குக் கட்டளையிடுகிறது. ஆகவே பனீ இஸ்ராயீல்கள் அந்த நாயனை எந்தெந்தப் பெயரால் அழைத்தார்கள் என்று அறிவது வீண் ஆராய்ச்சி அன்று. வியாபாரிகளாகிய நமக்கு அதில் ஒரு படிப்பினையும் இருக்கிறது.

அவர்களுடைய வேதபாஷை ஹிபுரு. அரபியில் அதை இப்ரானி என்பார்கள். ஹிபுருவும் அரபியும் ஒரு தாய் வயிற்றுச் சகோதரிகள். ஹிபுருவில் ஆண்டவனுக்கு ‘ஏல்’ என்று ஒரு பெயர். இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. நம் பிள்ளைகளின் பெயரிலேயே இருக்கிறது. இஸ்மாயீல் என்றால் ‘ஏல் கேட்டருள்கிறான்’ என்று அர்த்தம். ஹாஜரா அம்மையாரின் துயரத்தை ஆண்டவன் கேட்டான் என்பதால் அப்பெயர் ஏற்பட்டதாக அவர்களுடைய வேதம் கூறும். மீக்காயீல் என்பதோ ‘ஏலைப் போன்றவர் யார்?’ என்ற ஒரு கேள்வி. சிங்கப்பூர் ஆக்ஸ்லி ரைஸில் 1905ஆம் ஆண்டு கட்டப்பட்ட யஹூதிகளின் தொழுகை ஆலயத்துக்குச் ‘செசெட் ஏல்’ என்று பெயர். ‘ஆண்டவனின் அருள்’ என்பது அதன் பொருள்.

அவர்களுடைய வேதத்தின் முதல் வசனத்திலேயே வரும் பெயர் ‘எலோஹிம்’. இதன் ஒருமை ‘எலோஹ்’. அரபியின் ‘இலாஹ்’ என்ற சொல்லுக்கு இது உறவு. எலோஹிம் என்பது உருவத்தில் பன்மையாயிற்றே, அப்படியானால் பல தெய்வங்களா என்று சிலர் கேட்பதுண்டு. அப்படியல்ல. உண்மை ஆண்டவனைக் குறிக்கும்போது பெயர் பன்மையாக இருந்தாலும், ‘படைத்தான்’ என்ற வினைச்சொல் ஒருமையில்தான் வருகிறது. அந்தப் பன்மை மகத்துவத்துக்காக வந்தது. நாமும் ‘ஹஜ்ரத் அவர்கள் வந்தார்கள்’ என்கிறோம், வந்தவர் ஒருவர்தானே! யஹூதிகள் காலையும் மாலையும் ஓதும் கலிமா ஆண்டவன் ‘எஹாத்’, அதாவது ஒருவன், என்று முடிகிறது. சூரத்துல் இக்லாஸில் நாம் ஓதும் ‘அஹத்’ என்ற சொல்லுக்கு அது நேர் சகோதரன்.

மற்ற நாமங்களையும் பாருங்கள். ‘மெலெக்’ என்பது மலிக், அதாவது அரசன். ‘காதோஷ்’ என்பது குத்தூஸ், பரிசுத்தன். தூர் ஸீனா மலையில் மூஸா நபிக்கு வெளிப்பட்டதாக அவர்கள் ஓதும் நாமங்களில் ஒன்று ‘ரஹூம்’. அது நம் ரஹீம் அல்லவா? ஹிபுருவில் கருப்பைக்கு ‘ரெஹெம்’ என்று பெயர். அரபியிலும் ‘ரஹிம்’ என்றே பெயர். இரண்டு பாஷைகளிலும் ஆண்டவனின் இரக்கமும் தாயின் வயிறும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். தானியேல் ஆகமத்தில் அராமிக் பாஷையில் ‘ஹய்யா, கய்யாம்’ என்று இரண்டு சொற்கள் சேர்ந்து வருகின்றன. ஆயத்துல் குர்ஸியை ஓதுகிறவருக்கு ‘ஹய்யுல் கய்யூம்’ என்பதை நினைக்காமல் அவற்றைக் கேட்க முடியுமா?

‘ஷாலோம்’ என்பதையும் ஆண்டவனின் திருநாமமாக அவர்களுடைய மார்க்க அறிஞர்கள் கருதினார்கள். ஆகையால் குளிக்கும் இடத்தில் ஒருவருக்கொருவர் அந்தச் சொல்லால் முகமன் கூறக்கூடாது என்று தடுத்தார்கள். அஸ்ஸலாம் என்பது நமக்கும் அவனுடைய திருநாமமே.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் மதிப்பது நான்கு எழுத்து நாமம். யோத், ஹே, வாவ், ஹே என்பன அந்த எழுத்துக்கள். அவர்களுடைய வேதத்தில் ஏறத்தாழ 6,800 தடவை அது வருகிறது. ஆனால் வாய்விட்டு அதை உச்சரிப்பதில்லை. அது எழுதியிருக்கும் இடத்தில் ‘அதோனாய்’, அதாவது ‘என் எஜமான்’, என்று வாசிப்பார்கள். சாதாரணப் பேச்சில் ‘ஹஷ்ஷேம்’ என்பார்கள். ‘அந்தத் திருநாமம்’ என்பதே அதற்கு அர்த்தம். முற்காலத்தில் பைத்துல் முகத்தஸ் நகரத்து ஆலயத்தில், பாவமன்னிப்புப் பெருநாளன்று பிரதான குருவானவர் அதை மொழிவது வழக்கம். கி.பி. 70ல் ரோமர்கள் அந்த ஆலயத்தை அழித்தார்கள். காலப்போக்கில் அந்த நாமத்தின் சரியான உச்சரிப்பும் மறைந்துபோயிற்று.

ஹிபுருவில் எழுத்துக்களே எண்களாகவும் பயன்படும். 15 என்று எழுத 10க்குரிய யோதையும் 5க்குரிய ஹேயையும் சேர்க்க வேண்டும். அவை திருநாமத்தின் எழுத்துக்களாதலால், 9க்கும் 6க்கும் உரிய எழுத்துக்களைச் சேர்த்து எழுதுகிறார்கள். பிஸ்மில்லாஹ் எழுதிய தாள் காலில் மிதிபடலாகாது என்று நம்மில் பலர் 786 என்று எண்ணாக எழுதும் வழக்கத்தை இது நினைவூட்டவில்லையா?

திருநாமம் எழுதிய தாளை அவர்கள் எறியவும் மாட்டார்கள், எரிக்கவும் மாட்டார்கள். ‘கெனீஸா’ என்ற அறையில் போட்டு வைப்பார்கள். காலப்போக்கில் ஹிபுரு எழுத்தில் எழுதிய காகிதம் எதுவானாலும் அங்கே போய்ச் சேர்ந்தது. கெய்ரோவின் பழைய பகுதியாகிய புஸ்தாத்திலுள்ள பென் எஸ்ரா ஆலயத்தில் அப்படி ஓர் அறை இருந்தது. 1896-97ல் ஸாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அங்கிருந்து 1,90,000க்கும் மேற்பட்ட தாள் துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றார். பிரித்துப் பார்த்தால், அவற்றில் வேதத்தோடும் துஆக்களோடும் வியாபாரக் கடிதங்களும் கலந்திருந்தன! 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் பல ஆண்டுகள் தங்கி வியாபாரம் செய்த அபிரகாம் பென் யிஜு என்ற யஹூதி வணிகரின் கடிதங்களும் கணக்குகளும் அங்கே கிடைத்தன. மிளகு, பாக்கு, இரும்பு பற்றிய பேச்சு அவற்றில் வருகிறது. அக்காலத்து யஹூதி வியாபாரிகளின் கடிதங்கள் பலவற்றின் தலைப்பில், இரக்கமுள்ளவனே, உன் பெயரால் என்ற கருத்துள்ள வாசகம் இருக்கும். நாம் பேரேட்டின் தலைப்பில் 786 போடுவது போலத்தான்!

சகோதரர்களே, இங்கே நின்று யோசியுங்கள். நம்முடைய பேரேட்டை யாராவது எண்ணூறு ஆண்டு கழித்துப் பிரித்தால், தலைப்பிலுள்ள திருநாமத்துக்கும் அதன் கீழுள்ள கணக்குக்கும் பொருத்தம் காண்பார்களா?

ஆண்டவனின் பெயரை வீணில் வழங்காதே என்பது மூஸா நபிக்கு அருளப்பட்ட பத்துக் கட்டளைகளில் ஒன்றாக அவர்களுடைய வேதத்தில் இருக்கிறது. அவர்கள் நாவை அடக்கி அந்த நாமத்தைக் காக்க முயன்றார்கள். நம் வழி வேறு. உண்ணும்போதும் உறங்கும்போதும் கடை திறக்கும்போதும் அவன் பெயரைச் சொல்லும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அது நமக்குக் கிடைத்த பெரும் பாக்கியம். ஆனால் அடிக்கடி சொல்லும் நாவுக்கே ஆபத்து அதிகம்.

வாடிக்கைக்காரர் விலை கேட்கிறார். ‘வல்லாஹி, வாங்கின விலைக்கே தருகிறேன்’ என்று வாய் சொல்லிவிடுகிறது. இரண்டு வெள்ளி லாபத்துக்கு அங்கே அடகு வைக்கப்பட்டது எது? பேசுகிறவருக்குப் பின்னால் சுவரில் ஆயத்துல் குர்ஸி மாட்டியிருக்கிறது. வாடிக்கைக்காரர் சீனராயிருந்தாலும் மலாய்க்காரராயிருந்தாலும், நம் வாயிலிருந்து அவர் கேட்பது அல்லாஹ்வின் திருநாமம். பொய் வெளிப்படும் நாளில் அவர் மனத்தில் அந்த நாமத்தின் மதிப்பு என்ன ஆகும்?

சத்தியம் சரக்கை விற்றுக் கொடுக்கும், ஆனால் பரக்கத்தை அழித்துவிடும் என்ற கருத்தில் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கடைவீதியில் ஒருவர், கொடுக்கப்படாத விலை தமக்குக் கொடுக்கப்பட்டதாக அல்லாஹ்வின் மீது ஆணையிட்டார். ஆலு இம்ரான் சூராவின் 77ஆம் ஆயத்து அது பற்றியே இறங்கியது என்று புகாரியில் வருகிறது. அற்ப விலைக்குத் தங்கள் சத்தியங்களை விற்பவர்களுக்கு மறுமையில் பங்கில்லை என்பது அந்த ஆயத்தின் எச்சரிக்கை.

மதீனாவின் வியாபாரிகளுக்கு முன்பு ‘தரகர்கள்’ என்ற பெயர் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் ‘துஜ்ஜார்’ என்ற அதைவிட அழகிய பெயரால் அவர்களை அழைத்தார்கள். கொடுக்கல் வாங்கலில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்துவிடுவதால், அதனுடன் தர்மத்தையும் கலந்துகொள்ளுமாறு உபதேசித்தார்கள். நமக்கு நல்ல பெயர் வைத்தவர்கள் அவர்கள். அந்தப் பெயரைக் காப்பது நம் பொறுப்பு.

இன்று முதல் விலை சொல்லும்போது விலையை மட்டும் சொல்வோம். அல்லாஹ்வின் திருநாமத்தைச் சரக்கோடு சேர்த்து நிறுக்காதிருப்போம். அதைத் துதிக்கவும், நன்றி செலுத்தவும், பிழை பொறுக்கத் தேடவும் வைத்துக்கொள்வோம்.

யா அல்லாஹ்! யா ரஹ்மான்! எங்கள் நாவையும் எங்கள் தராசையும் நேராக்கி வைப்பாயாக! எங்கள் வியாபாரத்தில் பரக்கத்துச் செய்வாயாக! ஆமீன், யா றப்பல் ஆலமீன்.