திண்ணையும் மேஜையும்

நாற்காலி விற்கிற கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னதும் என் மனைவி, "ஏன், ஊரில் ஓட்டலே இல்லையா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் அக்கா மகன் புதிதாக வீடு வாங்கியிருக்கிறான். கட்டிலும் மேஜையும் நம் ஊர் ஆசாரியைக் கொண்டே செய்துகொள்ளலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "சரி மாமா, அவரையும் அழைத்துக்கொண்டு வாங்க. எனக்கு எந்த மாதிரி வேண்டுமென்று இங்கே ஒரு கடையில் காட்டுகிறேன்" என்றான். விடியற்காலை நாலு மணிக்குத் திருவண்ணாமலையில் பஸ் ஏறினோம். செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று 200 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து, நகரத்தின் மறுகோடியில் நாகசந்திராவில் 2022-ல் திறந்த ஐகியா கடைக்குள் நுழைந்தபோது மணி பத்தரை தாண்டிவிட்டது. எங்கள் முகத்தைப் பார்த்த பையன், "முதலில் சாப்பிடலாம், உள்ளேயே இருக்கிறது" என்றான்.

இது ஸ்வீடன் தேசத்துக் கம்பெனி. அங்கே ஒரு சிற்றூரில் 1958-ல் முதல் கடையைத் திறந்தார்கள். வயிறு காய்ந்தவன் பாதிக் கடையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான் என்று கண்டு, 1960-ல் கடைக்குள்ளேயே சாப்பாட்டுக் கூடமும் வைத்தார்கள். ஹைதராபாத்தில் 2018-ல் அவர்கள் திறந்த கடையில் ஒரே சமயத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். இதைவிடப் பெரிய மனிதர்களுக்கான இடங்களும் உலகத்தில் இருக்கின்றன. சிகாகோவில் ஆர்.எச். என்ற கம்பெனி 2015-ல் ஒரு பழைய கட்டடத்தை மரச்சாமான் மாளிகையாக மாற்றி, கண்ணாடிக் கூரை போட்ட முற்றத்தில் சரவிளக்குகளின் கீழே சாப்பாடு போட ஆரம்பித்தது. எங்கள் இருவருக்கு நாகசந்திராவே சிகாகோதான்.

காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் சாப்பிடுவதற்கு 'பிரஞ்ச்' என்று பெயராம். ஞாயிற்றுக்கிழமை நேரம் கழித்து எழுந்திருப்பவர்களுக்காக 1895-ல் ஓர் இங்கிலீஷ்காரர் எழுதிப் பரப்பிய வார்த்தை. பையன் இதை விளக்கியபோது ஆசாரி சிரித்தார். "நாங்க தினமும் அந்த நேரத்துலதானே தூக்குவாளியைத் திறக்கிறோம்?" என்றார். வாஸ்தவம். வயலில் கூழ் குடிக்கிறவர்களுக்கும் அதுதான் நேரம். தூங்கி எழுந்தவனுக்கும் நாலு மணி நேரம் உழைத்தவனுக்கும் ஒரே வேளையில் பசிக்கிறது. ஒருவனுடைய பசிக்குத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தட்டுகளை நாங்களே எடுத்துக்கொண்டு போய் ஒரு மேஜையில் உட்கார்ந்தோம். ஆசாரி பிரியாணியைத் தொடுவதற்கு முன் மேஜையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "மரத்தூளை அழுத்தின பலகை தம்பி. ஆனா விளிம்பு ஒட்டினவன் கை சுத்தம்." மெஷின் ஒட்டியது என்றான் பையன். "அப்படியா!" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தைந்து வருஷமாகப் பழகும் இந்த மனிதரோடு நான் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது இதுதான் முதல் தடவை.

நான் எழுதும் மேஜை அவர் செய்தது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருபது நாள் வேலை நடந்தது. பத்து மணிக்கு என் தாயார் திண்ணையில் அவருக்கு இலை போடுவாள். நான் உள்ளே கூடத்தில் சாப்பிடுவேன். அப்படித்தான் என்று யாரும் விதி போடவில்லை, போடாமலே நடந்தது. பிறகு அந்த மேஜையில் உட்கார்ந்து மனிதர்களெல்லாம் சமம் என்று கதைகள் எழுதினேன். சிலர் பாராட்டிக் கடிதமும் போட்டார்கள்.

சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது சின்ன விஷயமா? 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற ஒன்றுக்காகத் தமிழ்நாட்டுக் காங்கிரஸே இரண்டுபட்டது. வ.வே.சு. ஐயரைப் போன்ற தியாகிக்கும் அந்தப் பந்தியைக் கலைக்கத் துணிவு வரவில்லை. எங்கள் ஊரில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக அன்னதானம் நடக்கிறது. யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. பெரிய காரியம்தான். ஆனால் கொடுப்பவர் நிற்கிறார், வாங்குபவர் கை நீட்டுகிறார். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. என் வீட்டில் நான் செய்யாததை, கட்டில் விற்பதற்காகச் சோறு போடுகிற ஒரு வியாபாரி, எங்கள் காசை வாங்கிக்கொண்டு செய்துவைத்தான். காசில்லாதவன் அந்தக் கூடத்தின் வாசலோடு நின்றுவிடுவான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வியாபாரியைப் பரிகாசம் செய்யும் யோக்கியதை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் தயங்கித் தயங்கி இதை அவரிடமே சொன்னேன். மன்னிப்புக் கேட்கிற தோரணை என் பேச்சில் இருந்திருக்க வேண்டும். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா ரெண்டாந்தரம் ரசம் ஊத்துவாங்க. போதுமா போதுமான்னு கேட்டுக்கிட்டே நிப்பாங்க. இங்க யாரு கேட்டா?" என்றார். எனக்கு மனம் இலேசானது. ஊத்தங்கரை தாண்டியபின் அவரே மறுபடி பேசினார்: "மழை நாள்ல மட்டும் திண்ணையில சாரல் அடிக்கும். இலையைத் தூக்கிக்கிட்டுச் சுவரோரம் நகர்ந்துக்குவேன்."

மழை பெய்த நாட்களில் நான் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பையன் கட்டிலை அந்தக் கடையிலேயே வாங்கிவிட்டான். மேஜை மட்டும் ஆசாரிக்கு. என் மேஜையின் இழுப்பறை ஒன்று மழைக்காலத்தில் இறுகிக்கொள்கிறது. அதை இழைத்துத் தர வரும் புதன்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். காலையிலேயே வந்துவிடுவார். பத்து மணிக்குச் சாப்பாடு.

வீட்டை இடித்துக் கட்டியபோது திண்ணை போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது என் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அவர் வரும் செய்தியைச் சொன்னதும் மனைவி, "அவருக்கு எங்கே போடுகிறது?" என்று கேட்டாள்.