புதுச் சாமான் மோகமும் வியாபாரியின் கடமையும்

 

வீண் விரயத்தை நமது மார்க்கம் தடுத்திருக்கிறது என்பது சிறு பிள்ளையும் அறிந்த விஷயம். ஒளுச் செய்யும்போது தண்ணீரைக்கூட அளவோடு செலவழிக்க வேண்டும் என்று மதரஸாவில் உஸ்தாது கற்றுக்கொடுத்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கல்யாண வீட்டில் சோறு மீந்துவிட்டால், “ஐயோ, இஸ்ராஃப்!” என்று நமது நாவு உடனே சொல்லிவிடுகிறது. ஆனால், நன்றாக வேலை செய்யும் கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டு, முந்நூறு வெள்ளி கொடுத்துப் புதியது வாங்கும்போது அதே நாவு ஏனோ பேசுவதில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்றும் உண்டு. வாங்குகிறவருக்கு அந்தச் சாமான் தேவையில்லை என்றால், விற்கிறவருக்கு அந்த விரயத்தில் பங்கு உண்டா, இல்லையா? “அவர் கேட்டார், நாம் கொடுத்தோம். பொய் சொல்லவில்லை, நிறுவையில் குறைக்கவில்லை. ஆகவே காசு ஹலால்தானே?” என்று நாமும் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தவர்தாம். இப்பொழுது அவ்வாறு சொல்ல மனம் துணியவில்லை. காரணத்தை எழுதுகிறோம்.

சில மாதங்களுக்கு முன்பு, நமக்குப் பழக்கமான ஹாஜியார் ஒருவர் கடைக்கு வந்தார். “தம்பி, பேரப்பிள்ளையின் அறையில் வைஃபை அறுந்து அறுந்து போகிறது. பாடம் படிக்க முடியவில்லை என்று அழுகிறான். இருப்பதிலேயே நல்லதாக ஒன்று கொடுங்கள்” என்றார். கடையில் இருந்த ரௌட்டர்களில் விலை கூடியதை எடுத்துக் கொடுத்தோம். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து வந்து, “பழையபடிதான் இருக்கிறது தம்பி” என்றார். அன்று அஸருக்குப் பின் அவருடைய வீட்டிற்குப் போய்ப் பார்த்தோம். சிங்கப்பூரில் 1997ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு கட்டப்பட்ட அடுக்குமாடி வீடுகளில், ஆபத்துக் காலத்தில் ஒதுங்குவதற்கென்று கெட்டியான கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைத்து ஓர் அறை கட்டியிருப்பார்கள் அல்லவா? வரவேற்பறையில் கம்பிகள் தெரிந்தால் அழகாயில்லை என்று, வீட்டார் பெட்டியை அந்த அறைக்குள் வைத்துக் கதவையும் சாத்தியிருந்தார்கள். வைஃபை என்பது வானொலி அலை. கான்கிரீட்டும் இரும்பும் அதன் வலிமையைக் குறைத்துவிடும். புதிய பெட்டியானாலும் பழைய பெட்டியானாலும் இந்த விதி ஒன்றுதான். ஹாஜியாருடைய பழைய பெட்டியையே நீளமான கம்பி போட்டு வரவேற்பறையில் உயரமான இடத்தில் வைத்தோம். பேரப்பிள்ளையின் அறையில் தடையில்லாமல் எடுத்தது. கம்பியின் விலை பதினைந்து வெள்ளி.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஹாஜியார் நம்மீது ஒரு குறையும் சொல்லவில்லை. “நான் கேட்டதைத்தானே தம்பி கொடுத்தீர்கள்” என்றார். நாம் இத்தனை காலம் நமக்கே சொல்லிக்கொண்டிருந்த சமாதானத்தை அவர் வாயால் கேட்டபோது வெட்கமாக இருந்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருக்கக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்துவிட்டது என்று அவர் காரணம் சொன்னார். அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்று நாயகம் அவர்கள் அறிவுறுத்தினார்கள். அந்த வியாபாரியும் வாயால் பொய் எதுவும் சொன்னதாக நாம் கேட்டதில்லை. உலர்ந்தது மேலே இருந்தது, நனைந்தது கீழே இருந்தது, அவ்வளவே. வாங்குகிறவர் அறிய வேண்டியதை மறைத்து வைப்பதும் மோசடியே என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

நமது தொழிலில் அந்த ஈரம் எங்கே இருக்கிறது? பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்ணிலேயே இருக்கிறது. 3000 என்று போட்ட பெட்டி, ஓர் அலைவரிசையில் 574 மெகாபிட், மற்றதில் 2402 மெகாபிட் என்ற இரண்டையும் கூட்டி, முழு எண்ணாக்கிச் சொன்ன கணக்கு. சாதாரணக் கைப்பேசி ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில்தான் பேசும். அதிலும் அந்த முழு வேகம் வீட்டில் கிடைப்பதில்லை. பெட்டியின் கம்பித் துளை 1 கிகாபிட் என்றால், 10 கிகாபிட் சந்தா கட்டினாலும் அதன் வழியே 1 கிகாபிட்டுக்கு மேல் வராது. மிகத் தெளிவான 4கே படம் ஒன்றைப் பார்ப்பதற்கு 15 முதல் 25 மெகாபிட் போதும். ஒரு வீட்டில் ஐந்து பேர் ஐந்து படம் பார்த்தாலும் 125ஐத் தாண்டாது. இவற்றை அறிந்த வியாபாரி அறியாதவரிடம் வாய் திறவாமல் இருந்தால், அவர் ஈரத்தை அடியில் வைத்தவராகிறார்.

இப்போது இந்தப் பேச்சுக்கு அவசியம் அதிகம். வைஃபை 7 என்ற புதிய தரத்திற்குச் சான்றிதழ் வழங்குவது 2024 ஜனவரியில் தொடங்கியது. அதே ஆண்டில் சிங்கப்பூர் அரசாங்கமும், நாட்டின் ஃபைபர் கட்டமைப்பை 10 கிகாபிட் வேகத்திற்கு உயர்த்த 10 கோடி வெள்ளி வரை செலவிடுவதாக அறிவித்தது. நாடு வருங்காலத்திற்கு வழி போட்டு வைப்பது நல்ல காரியம். ஆனால், அகலமான சாலை போட்டார்கள் என்பதற்காக ஒவ்வொரு வீட்டாரும் லாரி வாங்க வேண்டியதில்லை. பழைய கைப்பேசிகளையே வைத்திருப்பவருக்கு வைஃபை 7 பெட்டி வாங்கிக் கொடுத்தாலும், அந்தக் கைப்பேசிகள் தங்கள் பழைய தரத்திலேதான் பேசும்.

“அல்லாஹ் கொடுத்ததை அனுபவிப்பது குற்றமா?” என்று சிலர் கேட்கலாம். குற்றமில்லை. புதியதை வெறுப்பது மார்க்கமும் அல்ல. கஞ்சத்தனத்தையும் மார்க்கம் இகழ்ந்தே இருக்கிறது. தயாரித்தவர்கள் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்ட பழைய ரௌட்டரைச் சிக்கனம் என்ற பெயரில் வைத்திருப்பது, பூட்டு கெட்டுப்போன கதவோடு கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போவது போன்றது. அந்தப் பெட்டியின் வழியே நமது கணக்கும் வாடிக்கைக்காரர்களின் விவரங்களும் போகின்றன. அவை நம்மிடம் இருக்கும் அமானிதம். 2021 ஏப்ரல் முதல், சிங்கப்பூரில் விற்பனைக்கு வரும் வைஃபை ரௌட்டர்கள் இணையப் பாதுகாப்பு முத்திரையின் முதல் நிலையையாவது பெற்றிருக்க வேண்டும் என்று விதி வந்ததும் இந்தக் காரணம் பற்றியே. ஆகவே அத்தகைய பெட்டியை மாற்றுவது விரயமல்ல, கடமை. பழையதா புதியதா என்பது தராசு ஆகாது. தேவை என்ன என்று அளந்து பார்த்தோமா என்பதே தராசு.

அளக்கத் தெரியாதவருக்கு அளந்து காட்டுவது வியாபாரியின் வேலை. நாம் இப்போது யார் வந்து கேட்டாலும் மூன்று கேள்விகள் கேட்கிறோம். பெட்டி வீட்டில் எங்கே இருக்கிறது? மாதச் சந்தா எத்தனை மெகாபிட்? இருக்கும் பெட்டிக்குப் பாதுகாப்புத் திருத்தம் இன்னும் வருகிறதா? இதற்குப் பிறகும் உயர்ந்ததே வேண்டும் என்பாரானால் தாராளமாகக் கொடுக்கிறோம். அதற்குமேல் அவருடைய நிய்யத்து அவருக்கும் அல்லாஹ்வுக்கும் உரியது.

“இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் கடையை மூட வேண்டியதுதான்” என்று நண்பர் ஒருவர் சிரித்தார். ஹாஜியார் பிறகு பத்துப் பேரை அனுப்பி வைத்தார் என்று எழுத நமக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பெரிய பெட்டிகளின் விற்பனை குறைந்திருக்கிறது, கம்பி விற்கிறது. உண்மை சொன்னால் லாபம் வரும் என்பதற்காக உண்மை சொல்வதென்றால், லாபம் வராத நாளில் என்ன செய்வது? குறைந்த காசானாலும் அது எப்படி வந்தது என்ற கேள்விக்கு நாளை மறுமையில் பதில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. மாற்றத்தான் வேண்டும் என்றால், பழைய பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2021 ஜூலை முதல், மின்னியல் கழிவுகளைத் திரும்பப் பெறும் திட்டம் சிங்கப்பூரில் நடைமுறையில் இருக்கிறது. ரௌட்டர்களும் அதில் அடங்கும். பாதுகாப்புத் திருத்தம் இன்னும் வருகின்ற பெட்டியானால், இல்லாத ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். அதுவும் ஸதக்காதான்.

வாங்குவதில் விரயத்தையும் விற்பதில் ஈரத்தையும் விட்டு அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.