எதிர்முள் இல்லாத வேல்

ஈஜோக் வட்டாரத்திலும் வட சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களிலும் கோபுரம் எழுவதற்கு முன்பு, மரத்தடியில் நட்ட வேலோ சூலமோதான் பல இடங்களில் சாமி. பிறகு கோயில் வளர்கிறது, கருங்கல் மூர்த்தி வருகிறது, பழைய வேல் ஓரத்துக்குப் போகிறது. சிலைக்கு வசதியில்லாத காலத்து ஏற்பாடு என்று அதற்குக் காரணமும் சொல்லிவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. வேலின் வடிவமே ஒரு தெய்வக் கொள்கை. அதற்குச் சாத்திரம் புரட்ட வேண்டியதில்லை, இரும்பை உற்றுப் பார்த்தாலே போதும்.

செய்யவேண்டிய வேலைதான் ஈட்டிக்கு உருவம் கொடுக்கிறது. மலேசியத் தீபகற்பத்தின் ஓராங் அஸ்லி மக்கள் மூங்கிலைச் சீவிக் கூராக்கினார்கள். இரும்பு கிடைத்தபோது அதைக் காம்பில் பிரம்பால் இறுகக் கட்டினார்கள். பிலிப்பைன்சின் பொந்தோக் மக்களிடம் எதிர்முள் வரிசையாக வைத்த ஈட்டியும் உண்டு, முள்ளே இல்லாததும் உண்டு. எதிர்முள் உள்ளே போனால் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் சதையைக் கிழிக்கும். நாகர்களின் சடங்கு ஈட்டியிலோ காம்பெங்கும் சாயமேற்றிய ஆட்டு மயிர். அங்கே அழகு வேட்டையை முந்திவிட்டது. நம் வேல் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. அடியில் அகன்று, மேலே ஒடுங்கிக் கூராகும் இலை, இரு பக்கமும் ஒத்த விளிம்பு, முள் கிடையாது. எறிவதற்குத் தலை மிகவும் அகலம். தைப்பூசத்தில் நாவிலும் கன்னத்திலும் குத்தும் சிறு அலகும் இதே வடிவந்தான்: வழவழப்பாக நுழையும், வழவழப்பாக வெளிவரும். கந்தபுராணத்துக் கதையும் இதனோடு பொருந்துகிறது. மாமரமாய் நின்ற சூரபதுமனை வேல் பிளக்கிறது. அவன் அழியவில்லை, மயிலும் சேவலுமாகி முருகனிடமே சேர்கிறான். தைத்த பொருளைப் பிடித்துவைக்காமல் மாற்றி விடுவிப்பதே வேலின் செயல்.

முள்ளில்லாத போர் ஈட்டிகளும் உண்டே, உருவி மீண்டும் குத்தத்தானே அப்படிச் செய்தார்கள் என்று கேட்கலாம். உண்மைதான், முள் இல்லாததை மட்டும் வைத்து நான் வாதிடவில்லை. எறிய முடியாத அகலம், மண்ணில் நட்டு வணங்கும் வழக்கம், சூரன் கதை எல்லாம் சேர்ந்துதான் சான்று. சங்கப் பாடல்கள் மன்னரின் குருதி தோய்ந்த வேலைப் புகழ்கின்றனவே, வேலை ஞானமாகக் காணும் விளக்கமெல்லாம் பின்னால் பூசிய வெள்ளை அல்லவா என்பது இதைவிடக் கனமான கேள்வி. ஆனால் அதே பாடல்களில் நோயுற்ற பெண்ணுக்காக வேலன் வேலேந்தி வெறியாடுகிறான். கொல்லும் வேலும் குணமாக்க வந்த வேலும் ஒரே காலத்தில் அருகருகே இருந்தவை. சைவ சித்தாந்தம் இரண்டாவதைத்தான் வளர்த்தெடுத்தது.

ஆகமத் தரப்பின் மறுப்பு இன்னும் வலுவானது. யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயிலில் கருவறை மூலவர் வேல்தான். அது ஆகமத்துக்கு ஒவ்வாது என்று 19-ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரே குறை சொன்னார். அவர் புலமைக்கு முன் நான் எம்மாத்திரம்! ஆனாலும் நல்லூர் மக்கள் வேலை மாற்றவில்லை, சிலை செய்யப் பணமில்லாத ஊரும் அது அல்ல. அறிந்தே வேலை வைத்துக்கொண்டார்கள். தோட்டம் கைமாறி, லயம் இடிந்து, வேறிடத்தில் புதுக்கோயில் கட்டும் ஈஜோக் பக்கத்து நிர்வாகக் குழுக்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பாட்டன் நட்ட வேலுக்குக் கருவறைக்குள்ளேயே, மூர்த்தியின் முன்னால், அன்றாட அபிஷேகத்தோடு இடம் கொடுக்கலாம்.